காரின் உள்கண்ணாடி தானாக இருளும்போது...

நம் உறுப்பினர்களில் பலருக்கு விடிகாலை இரண்டு மணிக்கே வியாபாரம் தொடங்கிவிடுகிறது. ஊர் உறங்கும் நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு மொத்த மார்க்கெட்டுக்குப் போய், சரக்கு பார்த்து, விலை பேசி, பெரிய லோடை லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டு, அவசரத்துக்கு வேண்டிய நாலைந்து சிப்பத்தை டிக்கியிலும் பின்சீட்டிலும் போட்டுக்கொண்டு, கடை திறக்கும் நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். பயணத்தில் பாதிக்கு மேல் இருட்டில்தான். முன்பெல்லாம் லாரியில் தொற்றிக்கொண்டு போனவர்கள் இன்று சொந்தக் காரில் போகிறார்கள் என்பது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தக் காரில் இருக்கும் வசதிகளில் எது என்ன செய்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் கேட்டுத் தெரிந்துகொண்டோம்? ஷோரூமில் வண்டியை ஒப்படைக்கும்போது பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, மாலை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பழைய வண்டியாக வாங்கியவர்களுக்கு அந்தப் பத்து நிமிடமும் கிடையாது.

இதை இப்போது எழுதக் காரணம், நம் சங்கத்தைச் சேர்ந்த மளிகை வணிகர் ஒருவருக்கு நேர்ந்த அனுபவம். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி மார்க்கெட் சந்துக்குள் நுழைந்திருக்கிறார். முன்னால் ஓர் ஆட்டோவில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால், சற்று வலப்பக்கமாக ஒரு லாரி, விளக்கு முழுவதும் எரிய நின்றிருந்தது. அந்த இடத்தில் சந்து லேசான ஏற்றம். ஆட்டோக்காரர் கொஞ்சம் இடம் கேட்க, நம் நண்பர் கியரை நியூட்ரலில் வைத்தபடியே பிரேக்கை விட்டு வண்டியைப் பின்னால் நழுவ விட்டார். ஒரு முழம் தூரம்தானே என்ற எண்ணம். உள்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டுதான் செய்தார். அதில் மங்கலாக இரண்டு விளக்குத் தெரிந்தது. மற்றதெல்லாம் ஒரே இருட்டு.

“அண்ணாச்சி, பின்னாடி ஆளு! பிரேக்கைப் பிடிங்க!” என்று யாரோ கூரையில் ஓங்கித் தட்டிய பிறகுதான் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். இடப்பக்க இருட்டிலிருந்து மூட்டையோடு குறுக்கே வந்த சுமைதூக்கும் தொழிலாளி மீது வண்டி இடித்து, மூட்டை டிக்கி மேல் சரிந்து, துவரம்பருப்பு தெருவெல்லாம் சிதறியது. அந்த மனிதருக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. அரை முழம் கூடியிருந்தால் அவருடைய கால் பம்பருக்கும் லாரிக்கும் நடுவில் சிக்கியிருக்கும். அவருக்கு வைத்தியச் செலவு, பருப்புக்கு விலை, நாலு பேர் முன்னால் தலைகுனிவு. இத்தனைக்கும் பிறகு நம் நண்பர் சங்க அலுவலகத்துக்கு வந்து சொன்னது இதுதான்: “கண்ணாடி கெட்டுப்போச்சு. மாத்தணும்னா பெரிய தொகை கேக்கிறாங்க.”

விசாரித்துப் பார்த்தால் கண்ணாடி கெடவே இல்லை. அது செய்ய வேண்டிய வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நெடுஞ்சாலையில் அவர் கண்ணைக் காப்பாற்றிய அதே வேலையைச் சந்துக்குள்ளும் செய்தது. தான் இருப்பது நெடுஞ்சாலையா, சந்தா என்பது கண்ணாடிக்குத் தெரியாது. அதை ஒரு பொத்தானால் நிறுத்தலாம் என்பது நம் நண்பருக்கும் தெரியாது.

பழைய கண்ணாடியும் புதிய கண்ணாடியும்

பழைய வண்டிகளில் சென்டர் மிரருக்குக் கீழே நாக்கு போல ஒரு சிறு நெம்பு இருக்கும். பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசினால் அதை ஒரு தட்டு தட்டுவோம். உடனே எல்லாம் மங்கிவிடும். இன்றும் பெரும்பாலான வண்டிகளில் இதுதான். அதன் சூட்சுமம் மிக எளிது. அந்தக் கண்ணாடி மேலும் கீழும் ஒரே கனமாக இருக்காது, ஆப்பு வடிவத்தில் இருக்கும். பகலில் நாம் பார்ப்பது பின்பக்கம் பூசிய ரசத்தில் படும் பிம்பம். நெம்பைத் தட்டினால் ரசம் பூசிய பக்கம் கூரையை நோக்கித் திரும்பிவிடும். கண்ணாடியின் வெறும் முன்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டுமே நம் கண்ணுக்கு வரும். அது நூற்றுக்கு நாலு பங்குதான். ஆகவே கூசாது. மின்சாரமும் வேண்டாம், ரிப்பேரும் கிடையாது.

புதிய வகையில் நெம்பு இல்லை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பசை போன்ற ஒரு ரசாயனம் அடைத்திருக்கிறார்கள். மிகக் குறைந்த அழுத்தத்தில் மின்சாரம் பாய்ந்தால் அந்தப் பசை நிறம் மாறி இருண்டுவிடும். நம் கடையில் விற்கும் டார்ச் செல் 1.5 வோல்ட். இதற்கு அதைவிடக் குறைவே போதும். மின்சாரம் நின்றால் பசை தானாகவே தெளிந்துவிடும். இதை இயக்க இரண்டு ஒளிக்கண்கள் உண்டு. ஒன்று கண்ணாடிக்குப் பின்னால், முன்பக்கச் சாலையைப் பார்த்தபடி இருக்கும். வெளியே பகலா இரவா என்று பார்ப்பது அதன் வேலை. மற்றது நம்மைப் பார்த்தபடி, கண்ணாடியின் விளிம்பிலோ முகப்பிலோ இருக்கும். பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. முன்னால் இருட்டு, பின்னால் வெளிச்சம் என்றால் கண்ணாடி இருளும். சாதாரணமாகத் திருப்பி அனுப்பும் வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்துவிடும். பின்னால் வந்த வண்டி விலகியதும் சில விநாடிகளில் தெளியும். சில உயர்ரக வண்டிகளில் வெளிப்பக்கக் கண்ணாடியும் இதோடு சேர்ந்தே இருளும்.

இந்தக் கண்ணாடியின் வரலாற்றில் வணிகர்கள் ரசிக்கும்படியான செய்தி ஒன்று உண்டு. இதில் பெரும் பெயர் பெற்ற கம்பெனி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜீலண்ட் என்ற ஊரில் உள்ள ஜென்டெக்ஸ். 1974-இல் அது தொடங்கப்பட்டது கார் கண்ணாடிக்காக அல்ல, தீப்பிடித்தால் புகையை உணர்ந்து மணியடிக்கும் கருவி செய்வதற்காக. ஒளியின் மாற்றத்தை உணரும் அந்தக் கைத்தொழிலை வைத்துக்கொண்டு, 1982-இல் மோட்டார் வைத்துத் தானாகச் சாயும் கார் கண்ணாடியைக் கொண்டுவந்தார்கள். நாம் கையால் தட்டுவதை மோட்டார் தட்டியது, அவ்வளவுதான். 1987-இல்தான் தானே நிறம் மாறும் கண்ணாடி வந்தது. ஒரு சரக்கு விற்றுக் கற்றுக்கொண்டதை இன்னொரு சரக்கில் போட்டுப் பார்க்கும் புத்தி எல்லா ஊர் வியாபாரிக்கும் ஒன்றுதான் போலும்.

எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

நெடுஞ்சாலையில் இந்த வசதியை நிறுத்தவே கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். டிம் அடிக்கும் பழக்கமே மறந்துபோய்விட்ட சாலைகள் நம்முடையவை. பின்னால் ஹை பீமில் வரும் பஸ்ஸின் வெளிச்சம் ஒருமுறை கண்ணில் அறைந்தால், அதற்குப் பிறகு சில விநாடிகளுக்கு முன்னால் நடந்து போகிறவரும் தெரியமாட்டார், நிற்கும் டிராக்டரும் தெரியாது. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கூச்சத்திலிருந்து கண் தெளிய இளைஞர்களைவிட அதிக நேரமாகும். கண்புரை தொடங்கியிருந்தால் கூச்சமே பல மடங்கு. நம் சங்கத்தில் அந்த வயதுக்காரர்கள் கணிசம். அவர்கள் கண்ணாடியையும் பார்க்க வேண்டும், கண் டாக்டரையும் பார்க்க வேண்டும்.

நிறுத்த வேண்டிய இடம் சந்துதான். மார்க்கெட், குடோன் வாசல், லாரி ஷெட், ஊர் கடைத்தெரு போன்ற இடங்களில் பின்னால் ஏதாவது ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். நமக்கு ஆபத்து அந்த விளக்கால் அல்ல. விளக்கே இல்லாமல் வருகிறவர்களால்தான். தலையில் கூடையோடு வரும் பெண், தட்டுவண்டி தள்ளுகிறவர், விளக்கில்லாத சைக்கிளில் பால் கொண்டு வருகிற பையன், மூட்டை சுமப்பவர் ஆகிய இவர்கள்மேல் விழும் கொஞ்ச வெளிச்சத்தையும் இருண்ட கண்ணாடி விழுங்கிவிடுகிறது. லாரி விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியும். அது தெரிவதாலேயே ‘கண்ணாடியில் பார்த்துவிட்டோம்’ என்ற தைரியமும் வந்துவிடுகிறது. நம் நண்பருக்கு நேர்ந்தது இதுதான்.

“ரிவர்ஸ் போட்டால் தானாகத் தெளியும் என்றார்களே?” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ரிவர்ஸ் கியர் விழுந்தவுடன் இருட்டை விலக்கிவிடும்படியாகத்தான் பெரும்பாலும் இவற்றை அமைத்திருக்கிறார்கள். ஆனால் நம் நண்பர் ரிவர்ஸ் போடவே இல்லையே! நியூட்ரலில் நழுவ விட்டார். ரிவர்ஸ் கியர் விழாததால் கண்ணாடி தெளியவில்லை. அது மட்டுமா? பின்னால் வெள்ளை விளக்கு எரியவில்லை, எச்சரிக்கும் ‘பீப்’ ஒலி வரவில்லை, கேமரா படமும் திரையில் வரவில்லை. பின்னால் வந்த தொழிலாளிக்கும் வண்டி நகரப் போகிறது என்பதற்கு எந்த அடையாளமும் கிடைக்கவில்லை. டீசல் மிச்சம் பிடித்த காலத்துப் பழக்கம் இந்த நியூட்ரல் நழுவல். மார்க்கெட்டில் பத்தில் நாலு வண்டியாவது இப்படித்தான் பின்வாங்குகிறது என்பது நம் கண்ணால் கண்டது. ஒரு முழமே ஆனாலும் ரிவர்ஸ் கியரைப் போட்டுப் பின்வாங்க வேண்டும். கண்ணாடியை நிறுத்துவதைவிட இது முக்கியம்.

நிறுத்துவது எப்படி

உள்கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒரு சிறு பொத்தானும், பக்கத்தில் கடுகளவு விளக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். அது எரிந்தால் தானியங்கி வேலை செய்கிறது என்று பொருள். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் விளக்கு அணையும், தானியங்கியும் நிற்கும். மறுபடி அழுத்தினால் மறுபடி எரியும். சில வண்டிகளில் ஒரு தட்டுத் தட்டினால் ஒன்றும் ஆகாது, மூன்று விநாடியோ அதற்கு மேலோ அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். கண்ணாடியிலேயே திசைகாட்டியும் சேர்த்துக் கொடுத்திருக்கும் வண்டிகளில் இந்த வித்தியாசம் அதிகம். சில புதிய வண்டிகளில் கண்ணாடியில் பொத்தானே இருக்காது. நடுவிலுள்ள திரையில் ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும். வேறு சிலவற்றில் நிறுத்தவே வழி வைத்திருக்கமாட்டார்கள். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் உள்கண்ணாடி பற்றிய பக்கத்தைப் பார்த்தால் உங்கள் வண்டி எந்த ரகம் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய வண்டி வாங்கி, புத்தகம் கிடைக்காதவர்கள் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கண்ணாடியில் உள்ள பொத்தான் எல்லாமே இதற்கானவை அல்ல. சில கார்களில் எஸ்.ஓ.எஸ். என்ற அவசர உதவிப் பொத்தானும் அங்கேயேதான் இருக்கிறது. அதை அழுத்தினால் கம்பெனியின் உதவி மையத்துக்குப் போன் போய்விடும். விடிகாலை மூன்று மணிக்கு “சார், விபத்தா?” என்று காருக்குள் ஒரு குரல் கேட்டால் பதறிப்போவோம். பகலில், வண்டி நிற்கும்போது, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எது எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பல வண்டிகளில் சாவியை அணைத்து மறுபடி போட்டால் தானியங்கி மீண்டும் ‘ஆன்’ நிலைக்கே வந்துவிடும். நேற்று நிறுத்தினோம், இன்றும் நின்றுதான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பச்சை விளக்கைப் பார்த்துக்கொள்வதே வழி.

கெட்டுப்போனதா, மறைந்துபோனதா?

மேலே சொன்ன நண்பரின் கண்ணாடி சரியாக இருந்தது. ஆனால் பட்டப்பகலிலேயே கண்ணாடி இருண்டு போகிறது என்று வேறு இருவர் நம்மிடம் சொன்னார்கள். இரண்டு வண்டிகளையும் அலுவலக வாசலில் நிறுத்திப் பார்த்தோம். ஒன்றில் பாஸ்டேக் ஸ்டிக்கர், முன்பக்கம் பார்க்கும் ஒளிக்கண்ணுக்கு நேராகவே ஒட்டப்பட்டிருந்தது. 2021 பிப்ரவரி நடுவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் பாஸ்டேக் கட்டாயமானது. அதை முன்கண்ணாடியின் உட்புறம், சென்டர் மிரருக்குப் பின்னால் ஒட்டச் சொல்கிறார்கள். ஒட்டுகிறவர் அவசரத்தில் ஒளிக்கண்ணின் மேலேயே ஒட்டிவிட்டால், அந்தக் கண்ணுக்கு எப்போதும் இரவுதான். பின்னால் கொஞ்சம் வெயில் பட்டாலும் ‘யாரோ ஹை பீம் அடிக்கிறார்’ என்று அது முடிவு செய்துவிடும். ஒட்டிய டேக்கை உரித்து நகர்த்த முயலாதீர்கள். உரித்தால் அது பயன்படாமல் போகும். கொடுத்த பேங்கில் மாற்று டேக் வாங்கித் தள்ளி ஒட்டுவதே சரி. புதிதாக ஒட்டப் போகிறவர்கள், கண்ணாடியின் முதுகில் பொட்டுப் போல இருக்கும் ஒளிக்கண் எது என்று பார்த்துவிட்டு, அதற்கு நாலு விரல் தள்ளி ஒட்டச் சொல்லுங்கள்.

மற்றொரு வண்டியில் சாமி படம். அதே இடம், அதே விளைவு. படத்தை டேஷ்போர்டுக்கு மாற்றியதும் கோளாறு போய்விட்டது.

ஆயுத பூஜைக்குப் பிறகு கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. பக்தியோடு உள்கண்ணாடிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். பொட்டு, நம்மைப் பார்க்கும் ஒளிக்கண்ணின் மேல் விழுந்துவிட்டால், பின்னால் எத்தனை வெளிச்சம் அடித்தாலும் கண்ணாடி இருளாது. நெடுஞ்சாலையில் கண் கூசும்போதுதான் தெரியும். பின்சீட்டில் கூரை வரை சிப்பம் அடுக்கினாலும் இதே கதைதான். அப்போது உள்கண்ணாடியால் பயனே இல்லை என்பதால், இரண்டு வெளிக்கண்ணாடிகளையும் சரியாக வைத்துக்கொண்டுதான் வண்டியை எடுக்க வேண்டும். கறுப்பு பிலிம் ஒட்டி வைத்து இரவில் பின்னால் தெரியவில்லை என்கிறவர்களும் இருக்கிறார்கள். முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத வெளிச்சத்தையாவது விட வேண்டும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதத்தையாவது விட வேண்டும் என்பது விதி. கறுப்பு பிலிம் விஷயத்தில் 2012-இல் உச்ச நீதிமன்றமே கண்டிப்பாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

கண்ணாடி நன்றாக இருக்கிறதா என்று கடைக்காரரை நம்பாமல் நாமே சோதிக்கலாம். வண்டியை நிழலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை ‘ஆன்’ செய்யுங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை. பச்சை விளக்கு எரிய வேண்டும். கண்ணாடியின் முதுகில் உள்ள ஒளிக்கண்ணைக் கட்டைவிரலால் முழுவதும் மூடிக்கொண்டு, செல்போன் டார்ச்சை நம் பக்கத்து ஒளிக்கண்ணில் அடியுங்கள். சில விநாடிகளில் கண்ணாடி மெல்ல இருள வேண்டும். விரலை எடுத்தால் தெளிய வேண்டும். மறுபடி இருள வைத்து, பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸ் கியரைப் போடுங்கள். அப்போதும் தெளிய வேண்டும். இத்தனையும் நடந்தால் கண்ணாடி நன்றாகவே இருக்கிறது, அதை மாற்றச் சொல்கிறவருக்குக் காசு வேண்டியிருக்கிறது என்று கொள்ளலாம். இருளவே இல்லை என்றால் முதலில் பியூஸைப் பார்க்கச் சொல்லுங்கள். சாவியை அணைத்து வெகுநேரம் ஆன பிறகும் கறை போல ஒரு பகுதி இருண்டே இருந்தால்தான் உள்ளே பசை பழுதாகிவிட்டது என்று பொருள்.

அப்படிப் பழுதானால் மாற்றத்தான் வேண்டும், பசையைச் சரிசெய்ய முடியாது. ஒரிஜினல் விலை கட்டுப்படி ஆகாதவர்கள் நெம்பு வைத்த சாதாரணக் கண்ணாடியைப் பொருத்திக்கொள்ளலாம். அதனால் எந்தக் குறையும் இல்லை, சொல்லப்போனால் மார்க்கெட் சந்துக்கு அதுவே மேல் என்பது நம் கருத்து. ஆனால் சில வண்டிகளில் மழை உணரும் கருவியும் கேமராவும் அதே இடத்தில் இருப்பதால், தெரியாத கையில் கழற்றக் கொடுக்காதீர்கள்.

கண்ணாடி உடைந்து உள்ளிருந்து திரவம் கசிந்தால் கையால் தொடக்கூடாது. தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். துடைக்கும்போது திரவத்தை நேராகக் கண்ணாடி மேல் பீச்சாமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். விளிம்பு வழியே ஈரம் உள்ளே இறங்கினால் மின்கருவி போய்விடும்.

நம் நண்பர் இப்போது கண்ணாடியை மாற்றவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து மார்க்கெட் ரோட்டுக்குத் திரும்பும் வளைவில் ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கே நிறுத்தி டீ குடித்துவிட்டு மறுபடி வண்டியை எடுக்கும்போது பொத்தானை அழுத்திப் பச்சை விளக்கை அணைத்துவிடுகிறாராம். சரக்கு ஏற்றித் திரும்புகையில் சாவி போட்டதும் அது தானே எரிந்துவிடுகிறது. அன்று முழங்காலில் அடிபட்டவர்தான் இப்போதும் அவருக்கு மூட்டை ஏற்றுகிறார்.